பூனை இருக்கும் தோட்டத்துக்குள் மற்ற பூனைகள் வராமல் தடுப்பது எப்படி?

சிட்டுவின் அம்மா:

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரமாக எனக்குச் சரியான தூக்கம் இல்லை.

எங்கள் வீட்டில் ஒரே பூனை. பெயர் சிட்டு. 6 வயதுப் பெண், சாம்பலில் கருவரி, கருத்தடை ஆனவள். இலை உதிர்ந்தாலும் திடுக்கிடுகிற சுபாவம். அவளுடைய உலகமே எங்கள் பின்பக்கத் தோட்டம்தான். இரண்டு பக்கம் 5 அடி மதில், மூன்றாவது பக்கம் பழைய பலகை வேலி. சமையலறைக் கதவின் அடியில் அவளுக்கென்று ஒரு பூனைக்கதவு. காலையில் அதைத் தள்ளிக்கொண்டு வெளியே போவாள், ரோஜாத் தொட்டிகளை ஒரு சுற்று மோந்து பார்ப்பாள், கல்பலகையில் வெயில் காய்வாள், திரும்புவாள். வேறு ஒரு வம்புக்கும் போனதில்லை.

இப்போது மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவர் ஒரு பெரிய கடுவன். சட்டி போல அகன்ற முகம், வலது காது கிழிந்திருக்கும், நடையில் ஒரு தோரணை. அவரை 'அவன்' என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. வீட்டில் எல்லோரும் பெரியவர் என்றுதான் சொல்கிறோம். அடுத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டை. மூன்றாவது செம்பட்டை நிறத்தில் ஒரு விடலை. பெரியவர் பின்னாலேயே திரிவான், அவர் எதை மோந்தாலும் இவனும் மோந்து பார்ப்பான்.

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாது என்பார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், எங்கள் பக்கம்தான். முதல் வாரம் பெரியவர் மதிலில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. இரண்டாவது வாரம் இறங்கி வந்து, சமையலறைக் கதவுக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி நடுக்கி, பீய்ச்சிவிட்டுப் போனார். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது வாரம் பூனைக்கதவு வழியாக உள்ளேயே வந்து சிட்டுவின் தட்டைக் காலி செய்தார். விளக்கைப் போட்டபோது என்னைப் பார்த்து, 'என்ன வேண்டும்?' என்பதுபோல ஒரு பார்வை. என் காலில் உரசிவிட்டு வேறு போனார்!

சிட்டுவுக்கு வாலின் அடியில் கடி விழுந்தது. அப்போது எனக்குத் தெரியவில்லை. மூன்று நாள் கழித்துச் சீழ் வைத்து எலுமிச்சை அளவு வீங்கிய பிறகுதான் பார்த்தேன். மருத்துவர் சுத்தம் செய்து மருந்து கொடுத்தார், புண் ஆறிவிட்டது. ஆனால் அவள் வெளியே போவதில்லை. குளியலறை மிதியடியில் சிறுநீர் கழிக்கிறாள். கண்ணாடிக் கதவின் முன் நின்று உறுமுகிறாள். ஒருநாள் சமாதானப்படுத்தப் போன என் மணிக்கட்டை நான்கு கோடாகக் கிழித்துவிட்டாள். ஆறு வருடத்தில் என்மேல் நகம் நீட்டாதவள்.

இதுவரை செய்தவை: ஆரஞ்சுத் தோல், காப்பித்தூள் சக்கை, தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள், கைதட்டல். ஆரஞ்சுத் தோலைப் பெரியவர் தாண்டிப் போனார். சிட்டுதான் அதை மோந்துவிட்டு உள்ளே ஓடினாள். சிக்கலே இதுதான். பூனையை விரட்டுகிற எதை வைத்தாலும் அது என் பூனையைத்தான் முதலில் விரட்டுகிறது. அவளுக்கும் அதே மூக்கு, அதே காது. பூனையே இல்லாத தோட்டக்காரர்களுக்கு ஆயிரம் யோசனை கிடைக்கிறது. எனக்கு வேண்டியது ஒரு பூனை மட்டும் இருக்கிற தோட்டம்.

அடிப்பது, பொறி வைத்து எங்கேயாவது கொண்டுபோய் விடுவது போன்ற யோசனைகள் வேண்டாம்.

கொட்டாவி:

அந்துருண்டை. தொட்டிக்கு இரண்டு போடுங்கள். எங்கள் வீட்டில் போட்டதிலிருந்து ஒரு பூனையும் எட்டிப் பார்ப்பதில்லை. செலவும் கம்மி.

மருந்துவாடை:

கொட்டாவி அவர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த உருண்டைகளை இன்றைக்கே பொறுக்கி எடுத்துவிடுங்கள். நான் 11 வருடமாகக் கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கு உருளுகிற பொருள் என்றாலே விளையாட்டு. உருட்டும், கடிக்கும், காலை நக்கும். தவழும் குழந்தை வருகிற தோட்டமாக இருந்தால் இன்னும் ஆபத்து.

காப்பித்தூளும் வேண்டாம் அக்கா, அதிலுள்ள கஃபீன் பூனைக்கும் நாய்க்கும் விஷம். மிளகாய்த்தூளை யாராவது சொல்வார்கள். அது பாதத்தில் ஒட்டி, பாதத்தால் முகம் கழுவும்போது கண்ணுக்குள் போகும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்கள், டீ ட்ரீ ஆயில் எல்லாம் 'இயற்கையானது' என்று எழுதி விற்கிறார்கள். பூனையின் கல்லீரலுக்கு அவற்றை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. உடம்பில் பட்டதை நக்கியே உள்ளே ஏற்றிக்கொள்ளும். வேலியோரம் மறைப்புக்குச் செடி வைக்கிற எண்ணம் இருந்தால் லில்லி மட்டும் வேண்டவே வேண்டாம். இலை, பூ, மகரந்தம், அதை வைத்த குவளைத் தண்ணீர் எதுவானாலும் சிறுநீரகம் போய்விடும்.

இப்போது சிட்டு. மிதியடியில் போவதைக் கோபம், பழிவாங்கல் என்று நினைக்காதீர்கள். பயத்தினால் பூனைகளுக்குச் சிறுநீர்ப்பை அழற்சி வரும். கிருமி ஒன்றும் இருக்காது, ஆனால் வலி இருக்கும். அடிக்கடி போய் உட்காருகிறாளா, சொட்டுச் சொட்டாகப் போகிறதா, சிவப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அடைப்பு ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும்.

கடி வாலடியில் விழுந்திருக்கிறது என்றால் அவள் சண்டை போடவில்லை, ஓடியிருக்கிறாள். எதிர்த்து நின்ற பூனைக்கு முகத்திலும் முன்காலிலும்தான் காயம் இருக்கும். கருத்தடை ஆகாத கடுவன்கள் கடித்தால் எஃப்.ஐ.வி. என்ற, பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ் பரவ வழி உண்டு. மனிதருக்கு அது ஒட்டாது, பயம் வேண்டாம். கடி விழுந்து 2 மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதற்கு முன் செய்தால் சரியாகத் தெரியாமல் போகலாம். தடுப்பூசிகளை விட்டுப்போயிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் மணிக்கட்டு விஷயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதிரி, கிட்டப் போக முடியவில்லை. அந்த ஆத்திரத்தில் இருக்கும்போது எது கையருகே வந்தாலும் அதன்மேல் பாயும். அந்த நேரம் தொடாதீர்கள், பேசக்கூட வேண்டாம். திரையை இழுத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, விலகிவிடுங்கள். அடங்க ஒரு மணி நேரம் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். கீறலைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் காட்டினீர்களா?

கதவில் உள்ள நாற்றத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்காதீர்கள். சிறுநீரிலும் அந்த வாடைதான், 'இன்னொருவன் வந்திருக்கிறான்' என்று பெரியவர் மேலே இன்னும் ஒருமுறை எழுதிவிட்டுப் போவார். என்சைம் கலந்த சலவைத்தூளை, ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு வெந்நீர் சேர்த்துக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, காயவிடுங்கள். நம் மூக்குக்கு வாடை போனதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பூனை மூக்குக்குப் போக இரண்டு மூன்று தடவையாவது கழுவ வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலே, பெரியவருக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா? அந்தச் சட்டி முகமே இல்லை என்று சொல்கிறது. கடுவன்களுக்குக் கன்னம் அப்படித் தடிப்பது விதை இருப்பதால்தான். கருத்தடை செய்தால் 10-இல் 9 கடுவன்கள் பீய்ச்சுவதை நிறுத்திவிடும், அல்லது வெகுவாகக் குறைக்கும். உடனே இல்லை, சில வாரம் பிடிக்கும்.

தச்சன்மகன்:

நான் சுவர், வேலி பற்றி மட்டும் சொல்கிறேன்.

5 அடி மதில் பூனைக்குத் தடையே இல்லை. நல்ல பூனை நின்ற இடத்திலிருந்தே அதை எட்டிவிடும். ஆனால் கவனித்துப் பாருங்கள், எந்தப் பூனையும் மதிலை ஒரே தாவலில் தாண்டாது. விளிம்புக்குத் தாவும், நகத்தால் பற்றும், உடம்பை இழுத்து மேலே ஏறும், அங்கே நின்று நாலு பக்கமும் பார்க்கும், பிறகுதான் இறங்கும். மதிலை உயர்த்திக்கொண்டே போக வேண்டியதில்லை. அந்தப் பிடியைக் கெடுத்தால் போதும்.

அதற்கு உருளைக் குழாய். உள்ளே ஒரு கம்பி அல்லது மெல்லிய குழாய், அதன்மேல் 3 அங்குல பி.வி.சி. குழாய், தாராளமாகச் சுற்ற வேண்டும். கால் வைத்ததும் உருளும், பூனை வந்த பக்கமே விழும். இரண்டு துண்டுக்கு நடுவில் 2 அங்குல இடைவெளி விட்டால்கூட அங்கே பாதம் வைத்துவிடும், இதில் ஏமாறாதவர்கள் குறைவு. இன்னொன்று, மதில் தலைப்பு 9 அங்குல அகலம் என்றால் குழாயை நடுவில் வைப்பது வீண். வெளிவிளிம்பில் வைக்க வேண்டும். இல்லையென்றால் குழாயைத் தாண்டி அகலமான இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொள்ளும். உங்கள் பெரியவர் நன்றிகூடச் சொல்வார்.

இல்லையென்றால் வலை. மதில் உச்சியில் கைதாங்கி அடித்து, 2 அடி அகலத்துக்கு வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கட்டுவது. வலையை விறைப்பாக இழுக்காதீர்கள், தொளதொளவென்று விடுங்கள். ஆடுகிற பரப்பைப் பூனை நம்பாது. இங்கே ஒரு தப்பு எல்லோரும் செய்வார்கள், நானும் செய்திருக்கிறேன். தன் பூனை வெளியே போகாமல் இருக்க உள்பக்கமாகச் சாய்த்துவிடுவார்கள். உள்பக்கம் சாய்த்த வலை உள்ளே இருப்பதைத்தான் தடுக்கும். பக்கத்துக் கூரையிலிருந்து ஒரு கடுவன் உள்ளே குதித்துவிட்டால் திரும்பிப் போக வழி இருக்காது. பயந்த பூனையும் கோபமான கடுவனும் ஒரே கூண்டுக்குள் மாட்டிய கதை. எங்கள் வீட்டில் அப்படி ஆனது. சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தபோது இரண்டும் என் தலைக்கு மேலே போயின. சிட்டு மதில் ஏறாதவள் என்றால் உங்களுக்கு வெளிச்சாய்வு மட்டும் போதும்.

பலகை வேலிக்கு அடியில் குனிந்து பாருங்கள். தலை நுழைகிற சந்து எல்லாமே பூனைக்கு வாசல். அதை அடைப்பதே பாதி வேலை. மதிலை ஒட்டி மரம், தண்ணீர்ப் பீப்பாய், கொட்டகைக் கூரை இருக்கிறதா? இருந்தால் நான் சொன்ன குழாய் எல்லாம் அலங்காரம்தான்.

கண்ணாடிச்சில், ஆணி வேண்டாம். பொதுமதில் என்றால் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள்.

நோட்டுப்புத்தகம்:

வேலி போடுகிறவர் போடட்டும், நான் குறுக்கே ஒரு கேள்வி கேட்கிறேன். அவர்கள் எதற்காக வருகிறார்கள்?

பூனை சும்மா ஒரு தோட்டத்தைப் பிடிக்காது. சாப்பாடு, தண்ணீர், வெயில் விழும் கல், தோண்ட வசதியான உலர்ந்த மண், கருத்தடை ஆகாத பெட்டை, எலி, அல்லது நேற்று தான் பீய்ச்சிய இடத்தைச் சரிபார்ப்பது. காரணம் இதில் ஒன்றாக இருக்கும். ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். யார், எந்த மணிக்கு, எந்த வழியாக, வந்து முதலில் எங்கே போனார். பூனைகள் ஒரே இடத்தை நேரம் பிரித்துப் பயன்படுத்தும். ஒருவர் காலை, ஒருவர் மதியம், நேருக்கு நேர் வராமல் போய்வருவார்கள். அந்த அட்டவணை தெரிந்தால் பாதி தீர்ந்தது.

பெரியவர் உங்கள் காலில் உரசினார் என்கிறீர்கள். தெருவிலேயே பிறந்து வளர்ந்த பூனை அப்படிச் செய்வது அபூர்வம். அவருக்கு வீடு இருக்கிறது. அடுத்த முறை வரும்போது ஒரு காகிதப் பட்டையில் 'இவர் உங்கள் வீட்டுப் பூனையா?' என்று எழுதி, கழுத்தைச் சுற்றித் தளர்வாக, ஒரே ஒரு சொட்டுப் பசையில் ஒட்டிவிடுங்கள். எதிலாவது மாட்டினால் கிழிந்துவிட வேண்டும், அதற்குத்தான் காகிதம். நூல், நாடா கட்டாதீர்கள்.

சும்மாஇரு:

பூனைக்கு ஏது எல்லை? உங்கள் பூனையும் ஒருகாலத்தில் இன்னொரு பூனையின் இடத்துக்கு வந்ததுதான். விட்டால் அவையே பேசித் தீர்த்துக்கொள்ளும்.

சிட்டுவின் அம்மா:

சும்மாஇரு, பேசித் தீர்த்ததில்தான் எலுமிச்சை அளவுக்குச் சீழ் வந்தது.

மற்ற எல்லோருக்கும் நன்றி. மருந்துவாடை தம்பி (தங்கையாக இருந்தால் மன்னிக்கவும்), காப்பிச் சக்கையை அன்று இரவே வாரிவிட்டேன். கீறலை மறுநாள்தான் மருத்துவரிடம் காட்டினேன், திட்டு வாங்கினேன்.

நோட்டு போட்டேன். முதல் இரண்டு நாளிலேயே எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெரியவர் விடியற்காலை 5 மணி வாக்கிலும் இருட்டுகிற நேரத்திலும் வருகிறார். வந்ததும் நேரே பின்வாசல் படிக்குத்தான் போகிறார். அங்கே என்ன என்று கேட்காதீர்கள். சரி, கேளுங்கள். சிட்டு மிச்சம் வைக்கிற ஈர உணவை நான் ஒரு தட்டில் போட்டு அந்தப் படியில்தான் வைப்பேன், 'ஏதாவது ஜீவன் சாப்பிடட்டும்' என்று. மூன்று மாதமாக. ஜீவன் சாப்பிட்டது, நண்பரையும் அழைத்து வந்தது.

கறுப்பு வெள்ளைப் பெட்டை மதியம் 2 மணிக்கு வருகிறாள். நேரே கல்பலகை, ஒரு மணி நேரத் தூக்கம், போய்விடுகிறாள். தொலைநோக்கி வைத்துப் பார்த்தேன் (சிரிக்காதீர்கள்), இடது காது நுனி கத்தரியால் வெட்டியதுபோல நேராக இருக்கிறது.

மருந்துவாடை:

தங்கைதான் அக்கா.

அந்த நேர்வெட்டு அடையாளம். பிடித்து, கருத்தடை செய்து, பழைய இடத்திலேயே விட்ட பூனைகளுக்கு மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை எடுத்துவிடுவார்கள், மறுபடி பிடித்து வயிற்றைத் திறக்காமல் இருக்க. அவளால் உங்களுக்குக் குட்டித் தொல்லையும் இல்லை, அவளுக்காகப் பெரியவர் வரவும் இல்லை. அவளை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

பூனைக்கதவை மாற்றுங்கள். சிட்டுவுக்கு மைக்ரோசிப் போட்டிருக்கிறீர்களா? தோலுக்கு அடியில் வைப்பது, அரிசி அளவுதான் இருக்கும், அதில் 15 இலக்க எண். அந்த எண்ணைப் படித்து அவளுக்கு மட்டும் திறக்கிற கதவுகள் கிடைக்கின்றன. சிப் இல்லையென்றால் சில கதவுகள் கழுத்துப் பட்டையில் மாட்டும் வில்லையைப் படிக்கும், ஆனால் பட்டை தொலையும். காந்தம் வைத்த கதவு வேண்டாம், வேறு எந்தப் பூனை காந்தம் கட்டியிருந்தாலும் திறக்கும். வீடு பத்திரம் என்று அவளுக்குத் தோன்றாமல் தோட்டத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

கொட்டாவி:

அந்துருண்டை எல்லாம் எடுத்தாகிவிட்டது. எண்ணினேன், இரண்டு குறைகிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் பெட்டி விற்கிறார்களே, அது?

தச்சன்மகன்:

நம் காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸோடு முடிந்துவிடும், பூனைக்கு 60-க்கு மேலேயும் கேட்கும். அந்தப் பெட்டி நடுவில் எங்கேயோ கத்துகிறது. உங்கள் தோட்டத்தில் பூனையே இல்லையென்றால் வைத்துப் பாருங்கள், ஓரளவு குறையும். இவர் வீட்டில் அது சிட்டுவின் காதுக்குள்தான் கத்தும். சென்சார் வைத்த தண்ணீர்த் தெளிப்பானும் ஆளைப் பார்க்காது, அசைவதை எல்லாம் நனைக்கும். ஆனால் அதை அணைத்து வைக்கலாம். சிட்டு உள்ளே இருக்கிற நேரத்துக்கு மட்டும் போட்டால் அது மற்றவர்களுக்கு மட்டுமான காவல்.

சிட்டுவின் அம்மா:

ஒன்பது வாரம் ஆகிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் படித் தட்டை எடுத்தேன். ஐந்து நாள் பெரியவர் வந்து படியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், மதிலில் உட்கார்ந்து என்னையும் பார்த்தார். அந்த ஐந்து நாளும் நான் ஏதோ கடன் வாங்கியவள்போல ஜன்னல் பக்கமே போகவில்லை. ஆறாம் நாளிலிருந்து வருகை ஒருவேளையாகக் குறைந்தது.

சிப் கதவு போட்டோம். அது திறக்கும்போது வருகிற 'டிக்' சத்தத்துக்கே சிட்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். நான்கு நாள் கதவு மடலை மேலே தூக்கி நாடா ஒட்டித் திறந்தே வைத்தேன், பகலில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மட்டும். பிறகு பாதி இறக்கினேன். பிறகு முழுதாக. பத்து நாளில் அவளே தள்ளப் பழகிவிட்டாள். பெரியவர் ஒருமுறை தலையால் முட்டிப் பார்த்தார். திறக்கவில்லை. கதவின்மேல் பீய்ச்சிவிட்டுப் போனார், அதைக் கழுவினேன், வேறென்ன செய்வது.

கண்ணாடிக் கதவில் கீழிருந்து 3 அடிக்கு மங்கலான ஒட்டுத்தாள் ஒட்டினேன். செய்ததிலேயே சுலபமானது இதுதான், முதலில் பலன் தந்ததும் இதுதான். வெளியே யார் வருகிறார், போகிறார் என்று அவளுக்குத் தெரிவதில்லை, உறுமல் நின்றது. மிதியடி விஷயம் இரண்டு வாரத்தில் நின்றது. மருத்துவர் சிறுநீரைச் சோதித்து, கிருமி இல்லை, பயம்தான் என்றார். மணல் தட்டை இரண்டாக்கி, ஒன்றை மாடியில் வைத்தேன்.

பூனைக்கதவுக்கு வெளியே வெறும் தரையாக இருந்தது. அதன் வழியாக அவள் தலையை நீட்டும்போது நாலு பக்கமும் திறந்த வெளி. இரண்டு பக்கமும் பெரிய தொட்டிகளை இழுத்து வைத்தேன். இப்போது தொட்டிக்கு நடுவில் உட்கார்ந்து, இலைகளுக்கு இடையே ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுத்தான் மேலே நடக்கிறாள். வேலிப் பக்கம் இரண்டு வாசல் வெட்டிய ஒரு மரப்பெட்டி வைத்தேன். ஒரு வாசல் என்றால் அது பொறி, இரண்டு வாசல் என்றால்தான் ஒளியுமிடம் என்று நான் காட்டிய மருத்துவர் சொன்னார்.

வேலிக்கு அடியில் ஏழு சந்து இருந்தது. ஏழு! பலகை வைத்து அடைத்தேன். மதிலில் ஒரு பக்கம் மட்டும் உருளைக் குழாய், வெளிவிளிம்பில். அடுத்த பக்கம் அந்த வீட்டுக்காரர் 'பார்க்க நன்றாக இருக்காது' என்றார், விட்டுவிட்டேன். கீரைப் பாத்தியை எல்லோரும் கழிப்பறையாக்கியிருந்தார்கள். விதைத்து, மேலே கோழிவலையைப் படுக்கையாக விரித்து, விரல்கடை மண் மூடினேன். தோண்டினால் நகம் மாட்டும், காயமாகாது, கீரை மட்டும் கண்ணி வழியாக வந்துவிடும். மண்ணை ஈரமாகவே வைத்தேன். சிட்டுவுக்கு எதிர் மூலையில் உலர்ந்த மணலாக ஒரு சிறு குழி. கையுறை போடாமல் பழைய பாத்தியைக் கிளறாதீர்கள், பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

தெளிப்பான் இரவு 9 முதல் காலை 6 வரை. அந்த நேரம் சிட்டு உள்ளே, கதவுக்குப் பூட்டு. முதல் இரவு அதில் நனைந்தது குப்பை கொட்டப் போன என் வீட்டுக்காரர். இரண்டாவது இரவும் அவர்தான். மூன்றாவது இரவு பெரியவர்.

இனி முக்கியமான கதை. நோட்டுப்புத்தகம் ஐயா சொன்னபடி காகிதப் பட்டை ஒட்டினேன். பெரியவர் ராஜா மாலை வாங்குவதுபோலக் கழுத்தைக் காட்டினார். மறுநாள் மாலை பட்டையோடு திரும்பினார். நான் எழுதியதற்குக் கீழே நீல மையில், 'ஆம், எங்கள் வீட்டில்தான் தூங்குவான்' என்று ஒரு எண். அதற்கும் கீழே, வேறு கையெழுத்தில், கறுப்பு மையில், 'எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான், யார் நீங்கள்?' என்று இன்னொரு எண். இரண்டு பேரையும் அழைத்தேன். தூங்குகிற வீட்டில், சாப்பாடு போடுகிறவர்கள் கருத்தடை செய்திருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். சாப்பிடுகிற வீட்டில், தூங்கவைக்கிறவர்கள் செய்திருப்பார்கள் என்று. மூன்றாவதாக நான், படியில் தட்டு வைத்து, ஒன்றுமே நினைக்கவில்லை. செலவை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். அறுவை முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. மூன்று வாரமாகக் கதவில் வாடை இல்லை. எஃப்.ஐ.வி. சோதனை சிட்டு, பெரியவர் இருவருக்கும் செய்தோம், இருவருக்கும் இல்லை.

சிட்டு காலை 7 முதல் 10 வரை தோட்டத்தில். கறுப்பு வெள்ளை 2 மணிக்கு. சென்ற வாரம் சிட்டு கொஞ்சம் தாமதித்துவிட்டாள், அவள் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டாள். இருவருக்கும் நடுவில் பத்தடி. ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை என்பதுபோல, ஒருத்தி வானத்தையும் ஒருத்தி தொட்டியையும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் கையில் தலையணையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். சண்டையானால் நடுவில் கை விடக் கூடாது, தலையணையைத்தான் விட வேண்டும். தேவைப்படவில்லை.

தீராதது ஒன்றுதான். செம்பட்டை விடலைக்குத் தண்ணீரைக் கண்டு பயமே இல்லை. தெளிப்பான் முன்னால் போய் நின்று, அது பீய்ச்சியதும் குதித்து, நீரைப் பிடிக்கப் பார்க்கிறான். இரவு 11 மணிக்கு எங்கள் தோட்டத்தில் அவனுக்குத் திருவிழா. மதிலில் குழாய் இல்லாத பக்கமாக ஏறுகிறான். அவனுக்கு என்ன வழி?

மருந்துவாடை:

அக்கா, அவனுக்கு என்ன வயது இருக்கும்? முகம் இன்னும் ஒல்லியாக இருந்தால் 7, 8 மாதம்தான். இப்போது விளையாட்டு, இன்னும் இரண்டு மாதத்தில் பெரியவர் விட்டுப்போன உத்தியோகத்தை இவன் எடுத்துக்கொள்வான். வாலைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது பின்பக்கம் பாருங்கள், விதை இருக்கிறதா என்று.

சிட்டுவின் அம்மா:

தொலைநோக்கி வைத்துப் பார்த்தேன். இருக்கிறது, இரண்டும். காகிதம் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.